முணுமுணுப்புக்கு வரும் பால்சுறா

"இருபத்தாறு வருசமா இந்த வீட்டுல ஒரு மீனை நான் நிம்மதியாத் தின்னது கெடையாது, முள்ளை எடுத்து ஓரமா வைக்கிறதுக்குள்ள நீ இன்னொண்ண எடுத்துக்கிட்டு வந்து நிப்ப," என்று என் கணவர் பெர்க்மான்ஸ் சொன்னார். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கான்வென்டில் டிக்டேஷனுக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். அதிலும் என்னைப் பற்றிய குறை என்றால் ஒரு தரம் கேட்டால் போதும், கமா உட்பட ஞாபகம் நிற்கும்.

அப்போது மணி ஒன்றேகால். அவர் தட்டில் யாரிடமோ வாங்கி வந்த நெத்திலி. அடுத்த அறையில் எங்கள் மகள் ஷெர்லின், பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆனவள், பால் போதாமல் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, இந்தச் சண்டை எப்போது முடியும் என்று கேட்கிற வயதையெல்லாம் தாண்டிவிட்ட பிள்ளையாக, சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள். பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு வேண்டும். இரண்டு முழத்துக்கு மேல் வளராத அந்தச் சின்னச் சுறாவை அவித்துத் தோல் உரித்து உதிர்த்து, பூண்டு போட்டு வதக்கிக் கொடுத்தால், எங்கள் தோமையார்துறையில் ஊறாத மார்பு கிடையாது. சுறாத் தூண்டிலுக்கு இந்தக் கரையிலேயே முதல் ஆள் என்று பெயர் வாங்கிய மனுஷன், பெற்ற மகளுக்கு ஒரு சுறா கொண்டுவர நாலு நாளாகப் போய் நாலு நாளும் வெறுங்கையோடு வந்தால் நான் என்ன செய்வேன், கேட்டேன். அவ்வளவுதான் செய்தேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருக்கலாம்.

அதற்கு அவர் முதலில் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது அவருடைய பிறவிக் குணம்; கலியாண மேடையில் சாமியார் கேட்ட கேள்விக்குக்கூட இரண்டாவது தரம்தான் சம்மதம் சொன்னார், முதல் தரம் ஏதோ வலை யோசனை. நான் மூன்றாம் தரம் கேட்டபிறகு, அட்டமி, தண்ணி செத்துக் கிடக்கு, என்றார். சுறாவுக்குக் கண் சும்மா பேருக்கு, எல்லாம் மூக்குதான். தூண்டிலில் குத்தின சாளை மீனின் மணம் தண்ணீரோடு நடந்து போனால் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து வரும். அமாவாசை பௌர்ணமிக்குத் தண்ணீர் ஏறி ஓடும், கடலடிப் பாறைத்திட்டு மேல் எல்லாம் ஏறும், அந்த ஏற்றத்தோடு சின்னச் சுறா இரை தேடிக் கரைப்பக்கம் வரும். அட்டமி நவமிக்கு ஏற்றமும் இல்லை வற்றமும் இல்லை, மணம் போட்ட இடத்திலேயே நிற்கும், சுறா அது பாட்டுக்கு வேறெங்கோ நிற்கும். இவ்வளவையும் எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். தெரிந்திருப்பதற்கும் சண்டை போடுவதற்கும் சம்பந்தம் கிடையாது. அதைச் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்த மீன் முள் வசனத்தைச் சொன்னார்.

நான் ஆரம்பித்தேன். தமிழில் ஆரம்பித்து, அவருடைய அம்மாவைத் தொட்டு, அவருடைய படகின் பெயரைத் தொட்டு, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் போட்டிருந்த சட்டையைத் தொட்டு, கோபம் உச்சிக்கு ஏறினால் எனக்கு இங்கிலீஷ் வந்துவிடும், அந்த இங்கிலீஷில் 'இர்ரெஸ்பான்ஸிபிள்' என்ற சொல்லின் நடுவே நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் கடல் ஏறியது. அட்டமி நாளில், பட்டப்பகலில், கரையில் இழுத்து வைத்திருந்த படகுகளை மிதக்க விட்டு, எங்கள் பின்வாசல் வழியாக வந்து, துவைகல்லை நனைத்து, அடுப்படிப் படியில் நுரையோடு நின்றது. பெர்க்மான்ஸ் அதில் கையைக் கழுவினார். தண்ணி நடக்கு, என்றார். தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. அதை முடிக்க ஆளில்லாமல் பாத்திரங்களிடம் முடித்தேன்.

சாயங்காலம் நாற்பத்திரண்டு பால்சுறா வந்தது. ஷெர்லின் புட்டு தின்றாள், குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது, அந்தக் கதை அதோடு முடிந்தது. என் கதைதான் முடியவில்லை.

கடல் என் வாயோடு சேர்ந்துகொண்டதை முதலில் கண்டுபிடித்தவள் என் நாத்தனார் ஜெசிந்தா. எங்களுக்கும் அவளுக்கும் ஒரே சுவர், அவளுடைய காதும் அந்தச் சுவர்தான். மூன்று நாள் கவனித்துவிட்டு, நாலாம் நாள் ஏலக்கூடத்தில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டே, மைனி ஏசுனா ஏறுது, மைனி ஒறங்குனா எறங்குது, என்று சொன்னாளாம், இன்றைக்கு விறகு ஈரம் என்று சொல்கிற குரலில். கூட இருந்தவர்கள் அதற்கு ஆச்சரியப்பட்டிருந்தால்கூட எனக்கு ஒரு மரியாதையாக இருந்திருக்கும். அதான பாத்தேன், என்றார்களாம். ஒருத்தி மட்டும், இவ்வளவு நாளா எதுக்குத் தாமதம், என்று கேட்டாளாம்.

எங்கள் ஊர் கமிட்டியின் தலைவர் சூசை மரியான் அண்ணன் எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டார். ஒரே வாரத்தில் என் கோபத்தை வகை பிரித்துவிட்டார்கள். எரிச்சல் என்றால் தண்ணீர் ஒரு சாண். கிண்டல் என்றால் ஒரு முழம், ஆனால் சுழி இருக்கும். இங்கிலீஷ் என்றால் நுரையோடு ஓடும், தூண்டில் கயிறு படுத்துவிடும், சுறாவுக்கு ஆகாது, கலங்கல் மீனுக்கு வேண்டுமானால் ஆகும். எல்லாவற்றிலும் உயர்ந்தது பாத்திரம் விளக்கிக்கொண்டே யாருக்கும் கேட்காதது போல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் முணுமுணுப்பது. அப்போது தண்ணீர் நிதானமாக, விடாமல், ஒரே சீராக நடக்கும், இரையின் மணம் நூல் பிடித்த மாதிரி ஆழத்துக்குப் போகும், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பால்சுறா வரிசையாக வரும். என் முணுமுணுப்பு இவ்வளவு சீரானது என்று என்னிடம் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்; கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். அதன் கீழே நின்றுகொண்டுதான் சூசை மரியான் அண்ணன், தங்கச்சி, பகல் பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் கொஞ்சம் முணுமுணுத்தா போதும், ஊருக்கே உபகாரம், என்று கேட்டுக்கொண்டார்.

உபகாரம் சுறாவோடு நிற்கவில்லை. எங்கள் ஆற்றுமுகத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. ஏற்றத் தண்ணீர் இருந்தால்தான் படகு அந்த மேட்டைத் தாண்டி உள்ளே வர முடியும், இல்லையென்றால் வெளியே நின்று தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும், காற்று நாளில் அப்படிக் காத்திருந்த படகுகள் அலைத்தடுப்புக் கற்களில் என்ன ஆயின என்பதற்குக் கல்லறைத் தோட்டத்தில் மூன்று சிலுவை இருக்கிறது. இப்போது மணியைப் பார்த்துக் கடலுக்குப் போய், மணியைப் பார்த்து, என் முணுமுணுப்பின் மேல் ஏறி, வீட்டுக்கு வந்தார்கள். நிலா வளர்வதையும் தேய்வதையும் ஒருத்தரும் பார்ப்பதில்லை. கடலும் பார்ப்பதை விட்டுவிட்டது. பௌர்ணமி அன்று நான் தலைவலி மாத்திரை போட்டுப் படுத்திருந்தேன், தண்ணீர் அசையவே இல்லை. நிலா தன் பாட்டுக்கு மேலே வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போயிற்று.

அக்கம்பக்கம் எல்லாம் இதைத் தங்கள் வேலையோடு சேர்த்துக்கொண்டார்கள். உப்பளத்துக்காரர்கள் மனு எழுதிக்கொண்டு வந்தார்கள், உப்பு வாருகிற நாட்களில் இங்கிலீஷைத் தவிர்க்கும்படி. கடல்மட்டம் அளக்கிற ஒருவர் கோலோடு வந்து நாலு நாள் தங்கி, என் பின்வாசலில் கோலை நட்டு, என்னிடம் மூன்று தரம் தண்ணீர் வாங்கிக் குடித்து, நாலாவது தரம் நான் சொன்னதைக் கேட்டு, முழங்கால் நனைந்து, 'உள்ளூர்க் காரணங்கள்' என்று குறிப்பெழுதிக்கொண்டு போனார். எங்கள் பங்குச் சாமியார் அமலதாஸுக்குத்தான் பெரிய சங்கடம். கோபம் தலையான பாவங்களில் ஒன்று. நான் பாவசங்கீர்த்தனம் செய்து இனிமேல் கோபப்பட மாட்டேன் என்று பிரதிக்கினை எடுத்தால் படகு எப்படி உள்ளே வரும். அவர் ஒரு வாரம் யோசித்து, யாரும் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்றார். ஒரு நாள் நல்லவளாக இருந்தால் போதும் என்று ஒரு குருவானவரே சொல்லிவிட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறுதலில்தான் வந்தது வினை. என்னைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். ஏலக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். முதல் சுறாவின் வால்பக்கம் எனக்கு வந்தது. பெண்கள் மன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள், பேசினேன், தலைப்பு 'பொறுமை'. இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. வாழ்க்கை முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கினவளை ஒரு ஊரே வாயைத் திற தாயே என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது. பிடித்ததும் கோபம் வருவது குறைந்தது. பன்னிரண்டு மணிக்குப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வாயில் பாட்டு வருகிறது.

எங்கள் ஊரில் நல்ல மீன் இருக்கிற இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் போகக்கூடாது, சீட்டுக் குலுக்கி முறை வைத்துத்தான் போக வேண்டும். அது ஏற்கனவே இருக்கிற வழக்கம். அதே வழக்கப்படி என்னைக் கோபப்படுத்தவும் சீட்டுக் குலுக்கினார்கள். மீனவர் சங்கத்துப் பலகையில், டீசல் வரும் நாளுக்குக் கீழே, 'நாளைய முறை' என்று சாக்பீஸில் ஒரு வீட்டின் பெயர் இருக்கும். ஒரு வீட்டார் செதிலை என் வாசலில் கொட்டினார்கள். ஒரு வீட்டார் இரவல் வாங்கிய இட்லிச் சட்டியை அடிப்பிடிக்க விட்டு அனுப்பினார்கள். ஆரோக்கியம் என்று ஒரு கூச்ச சுபாவி, ஆறடி உயரம், படலைப் பிடித்துக்கொண்டு நின்று, யக்கா, ஒங்க கொழம்பு வாயில வைக்க வெளங்காதாம், மன்னிச்சிருங்க, எங்க வீட்டு மொறை, என்று சொல்லிவிட்டு அழுகிற மாதிரி போனான். அவன்மேல் எப்படிக் கோபப்படுவது. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அன்றைக்கு ஏழு படகு ஒரு மணி நேரம் வெளியே நின்றது.

உண்மையைச் சொன்னால், எனக்கு நிஜமாகக் கோபம் வரவழைக்க இந்த உலகத்தில் ஒரே ஆளால்தான் முடியும். அது எனக்குத் தெரியும், கடலுக்கும் தெரியும். கமிட்டிக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் செய்த காரியம் என்னவென்றால், என் கோபம் கண்ட நேரத்தில் செலவாகாமல் பன்னிரண்டு மணிக்கு முழுதாகக் கிடைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டு, என் வீட்டுக்காரர் மற்ற நேரங்களில் என்னிடம் தன்மையாக நடந்துகொள்ள வேண்டும், கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், என்று தீர்மானம் எழுதி, அதில் பெர்க்மான்ஸிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

என் கணவர் என் பேச்சைக் கேட்டதில்லை, ஆனால் கமிட்டி பேச்சை மீறியதும் இல்லை. முதல் நாள் கூப்பிட்டேன், "ம்," என்றார். நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். இரண்டாம் நாள், "என்னட்டி," என்றார். ஒரு வாரத்தில் நான் கூப்பிடுவதற்கு முன்பே திரும்பிப் பார்த்தார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டார். இருபத்தாறு வருஷமாக ஒரே விஷயங்களைத்தான் சொல்லியிருக்கிறேன் போல, அவர் முதல் தரம் கேட்கிற மாதிரி கேட்டார், சில இடங்களில் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசக்கூடியவள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் நாளுக்கு நாள் தாழ்ந்தது. ஊரில் முறை போடுவதை இரண்டு வீடாக்கினார்கள், மூன்று வீடாக்கினார்கள்.

ஷெர்லின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். விருந்துக்குச் சுறாப் புட்டு வேண்டுமென்று, சனிக்கிழமை விடிந்ததும் பெர்க்மான்ஸும் இன்னும் இரண்டு படகும் தூரத்துப் பாறைத்திட்டுக்குக் கிளம்பினார்கள். அவர் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். பின்வாசலில் யாரோ துணி உதறுகிற சத்தம். குழந்தையின் துணிகளை அவர் அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, பழக்கதோஷத்தில், ஏங்க, என்றேன். "இந்தா இருக்கேன்," என்றார்.

இந்தா இருக்கேன். அந்த இரண்டு சொல்லோடு என்னிடம் மிச்சம் இருந்ததும் போயிற்று. நான் போர்வையை இழுத்துக்கொண்டு, ஒரு ராணி தூங்குகிற மாதிரி தூங்கினேன்.

கண் விழித்தபோது கடலைக் காணோம். அதாவது இருந்தது, ஆனால் ஆற்றுமுகத்து மணல்மேடு திமிங்கிலத்தின் முதுகு மாதிரி வெளியே தெரிய, அதற்கும் அப்பால் போய் நின்றது. கடலடிச் சேற்றில் ஊர் சனம் இறங்கி, காலங்காலமாகத் தொலைத்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி, நங்கூரக் கல், ஒரு தையல் மெஷினின் சக்கரம், என் சொந்தக் குக்கர் மூடி. அந்த மூடியை ஜெசிந்தாதான் கொண்டுவந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை அவள் தொலைத்துவிட்டு, நான் வாங்கவே இல்லை மைனி என்று மாதாவின் மேல் சத்தியம் செய்திருந்தாள். இதுவே நான் பழைய எஸ்கலினாக இருந்திருந்தால் அந்த மூடி ஒன்று போதும், உப்பளம் வரை தண்ணீர் போயிருக்கும். போகட்டும் விடு, என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

இரண்டு மணிக்குக் கச்சான் காற்று எழுந்தது. இரண்டரைக்கு மூன்று படகும் வந்து மணல்மேட்டுக்கு வெளியே நின்றன. மேட்டின் மேல் அலை உடைந்து வெள்ளையாகப் பாய்ந்தது, அடியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, பக்கத்தில் அலைத்தடுப்புக் கல். திரும்பி ஆழத்துக்குப் போகலாம் என்றால் காற்று கல்லைப் பார்த்துத்தான் தள்ளியது. சங்கத்து வயர்லெஸில் என் கணவர் குரல் வந்தது, நாலு மணிக்குமேல எஞ்சின் தாங்காது, என்று. சுறா எத்தனை என்று யாரும் கேட்காமலே, அறுபது இருக்கும், என்றும் சொன்னார். மூன்று படகில் பதினோரு பேர்.

சூசை மரியான் அண்ணன் வியர்த்து வடிய வந்தார். பின்னாலேயே ஊர் வந்தது. பலகை, முறை, சீட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வரிசைகூட இல்லாமல், என் வாசலில் நின்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் படியில் உட்கார்ந்து கேட்டேன். மருமகளாக வந்த நாளிலிருந்து யாரையும் மதித்ததில்லை என்றார்கள். யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கான்வென்ட் படிப்பைக் காட்டியே ஊரைக் கீழே பார்த்தாய் என்றார்கள், அதுவும் சரி. புளியை அள்ளிப் போடுவாய் என்றார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கோயில் பாடற்குழுவில் உன் குரலுக்காகத்தான் ஆர்மோனியத்தைச் சத்தமாக வாசிக்கிறோம் என்றார்கள். அது மட்டும் புதிதாக இருந்தது, ஆனால் நம்பும்படி இருந்தது. அமலதாஸ் சாமியார்கூட முன்னால் வந்து, நாலு மாதமாக என் பாவசங்கீர்த்தனம் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். மன்னிச்சிருங்க சாமி, என்றேன். கோபத்தைத் தவிர மற்ற எல்லாம் என்னிடம் இருந்தது. எனக்கு அறுபது வயதுக்குமேல் வரவேண்டிய பொறுமையெல்லாம் அந்தப் பாழாய்ப்போன பிற்பகலில் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தது.

கடைசியில் ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வெளியே நிற்பது அவளுடைய அண்ணன். "மைனி, இத்தனை வருசம் எங்கண்ணனை ஒரு நாளாவது பேச விட்டிருப்பியா," என்றாள். "இப்ப அவரு பேசாமப் போயிட்டா ஒனக்கு நிம்மதிதான."

கூட்டம் தண்ணீரைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் அசையவில்லை. நான் அழுதால் கடலுக்கு ஒன்றும் கிடையாது. என்னைப் போலவே அதுவும் அழுகைக்கு மசியாத ஜாதி.

எழுந்து ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மன்றத்தில் பொறுமையைப் பற்றி உரையாற்றியவள், ஜெசிந்தா கொண்டுவந்த குக்கர் மூடியைக் கையில் எதற்கென்று தெரியாமல் பிடித்தபடி, சங்கத்துக் கொட்டகைக்கு ஓடினேன். கொட்டகை கரை ஓரத்திலேயே இருக்கிறது, முன்பக்கம் சுவர் இல்லை, நின்ற இடத்திலிருந்தே மூன்று படகும் தெரியும். அவருடைய பச்சைக் கொடி அலையில் ஏறி, இறங்கி, காணாமல் போய், மறுபடி ஏறியது. வயர்லெஸில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சூசை மரியான் அண்ணன் காட்டினார்.

ஏங்க, நான்தான், என்றேன். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. எதைச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது மறந்துவிட்டது, அதனால் ஞாபகம் இருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு மீன் திங்கும்போது ஒண்ணு சொன்னீங்களே, இருபத்தாறு வருசமா நிம்மதியாத் தின்னது கெடையாதுன்னு, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. அதைவிட மோசமா எதாவது இருந்தாலும் சரி. தீர்மானத்தை எல்லாம் கிழிச்சாச்சு. சொல்லுங்க."

பொத்தானை விட்டேன். இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள் எஞ்சின் ஓடுகிற மாதிரி இருந்தது, காற்று மாதிரியும் இருந்தது. பதில் இல்லை.

கேக்கலையோ என்னவோ, என்றார் சூசை மரியான் அண்ணன் மெதுவாக. மறுபடி அமுக்கினேன், மறுபடி சொன்னேன், வேண்டுமானால் என் அம்மாவைப் பற்றிச் சொல்லலாம் என்றேன், அவள் கலியாணத்துக்குப் போட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொல்லலாம் என்றேன். விட்டேன். இரைச்சல். மற்ற இரண்டு படகிலிருந்தும் குரல் வந்தது, எஸ்கலினக்கா நீங்க பேசுறது நல்லாக் கேக்கு, என்றான் ஆரோக்கியம், பெர்க்மான்ஸண்ணன் படகுலயும் செட்டு ஓடத்தான் செய்யிது, என்றான்.

செட்டு ஓடுகிறது. அப்படியானால் கேட்கிறது. கேட்டுக்கொண்டு நிற்கிறார். இருபத்தாறு வருஷம், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால், குளியலறையிலிருந்து கூப்பிட்டால், ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் கூப்பிட்டால், எங்கேயோ பார்த்துக்கொண்டு, வலையையோ கயிற்றையோ கையில் வைத்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாத மாதிரி நிற்பாரே, அப்படியே நிற்கிறார். பதினோரு உயிர் மணல்மேட்டுக்கு வெளியே நிற்கையில், ஒரு பொம்பளை ஊருக்கு முன்னால் நைட்டியோடு கெஞ்சுகையில், ஒரு 'ம்' சொன்னால் வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும். இல்லை, கை தவறிக் கடலில் விழுந்து, அவர் அங்கே இல்லாமல், செட்டு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதா. அதையாவது சொல்லித் தொலைக்க வேண்டாமா ஒரு மனுஷன்.

"உங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்," என்றேன். குரல் மாறியிருந்தது; எனக்கே கேட்டது. பக்கத்தில் நின்ற ஜெசிந்தா பாவாடையைத் தூக்கிக்கொண்டாள். என் உள்ளங்காலுக்குக் கீழே மணல் ஜில்லென்று ஆனது, விரலிடுக்கில் வந்தது, கணுக்காலைச் சுற்றியது, கொட்டகைக்குள் கிடந்த பிளாஸ்டிக் கூடை ஒன்று மெல்ல எழுந்து திரும்பியது. சூசை மரியான் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், தூரத்துப் பச்சைக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். குக்கர் மூடியை இடுக்கிக்கொண்டு, பொத்தானை இரண்டு கையாலும் அமுக்கி, பாத்திரம் விளக்குகிற குரலில், நிதானமாக, விடாமல், ஒரே சீராக, ஒரு தரம், இரண்டு தரம், தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, காதுல விழுதா? விழுந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க."